தனியாகப் பொரிந்த ஒற்றைக் கோழிக்குஞ்சு: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

ஒரு பங்குனி மாதத்தில், அடை வைத்த இருபதாம் நாள் இரவில், எங்கள் அடைக்கோழியை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. விடிந்து பார்க்கும்போது ஒன்பது முட்டைகளும் சில்லிட்டுக் கிடந்தன. அவற்றைப் பழைய கம்பளித் துணியில் சுற்றி, வெந்நீர் நிரப்பிய புட்டிகளுக்கு நடுவே வைத்துப் பார்த்ததில், மறுநாள் மாலை ஒன்றே ஒன்று ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. மற்ற எட்டும் பொரியவில்லை. தாயும் இல்லை, உடன்பிறப்பும் இல்லை; ஈரம் காயாத ஒரு குஞ்சும், அதை என்ன செய்வதென்று தெரியாத நாங்களும் மட்டுமே இருந்தோம். அந்தக் குஞ்சிடமும், அதன் பிறகு இதே நிலையில் வந்து சேர்ந்த வேறு சில குஞ்சுகளிடமும் கற்றுக்கொண்டதை, எந்த அறிகுறி தெரிந்தால் எதைச் சரிபார்க்க வேண்டும் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

பத்துக் குஞ்சுகள் சேர்ந்திருக்கும்போது அவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சூடு காய்கின்றன. ஒன்று தண்ணீரைக் கண்டுபிடித்தால் மற்ற ஒன்பதும் அதைப் பார்த்துக் குடிக்கப் பழகுகின்றன. ஒன்று எழுந்து தீனிக்குப் போனால் தூங்கிக்கொண்டிருப்பவையும் எழுந்து போகின்றன. ஒற்றைக் குஞ்சுக்கு இந்த மூன்றும் கிடையாது. ஆகையால் அதனிடம் தெரிகிற கோளாறுகளில் பெரும்பாலானவை நோயே அல்ல; சூடு போதாமை, தின்னக் குடிக்கத் தெரியாமை, துணையின்மை ஆகிய மூன்றில் ஒன்றுதான் நோயைப்போல வேடமிட்டு வந்து நிற்கும். குஞ்சு சோர்ந்திருந்தால் உடனே தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் பொடியைக் கலக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. சூடு முதலில், தண்ணீர் அடுத்து, துணை அதற்கடுத்து, இவை மூன்றும் சரியாக இருந்தும் குஞ்சு தேறவில்லை என்றால்தான் மருந்து என்ற வரிசையை மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து.

அறிகுறிகளுக்கு முன்: பெட்டி சரியாக இருக்கிறதா?

ஏறக்குறைய இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள அட்டைப்பெட்டி போதும். அதன் ஒரு மூலையில் மட்டும், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு தொங்க வேண்டும். எல்இடி பல்பு வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. இந்த வேலைக்கு அது பயன்படாது. பல்பை நட்டநடுவில் கட்டக்கூடாது என்பதற்குக் காரணம், குஞ்சு தனக்கு வேண்டியபோது சூட்டுக்கு வரவும் வேண்டாதபோது விலகிப் போகவும் இடம் இருக்க வேண்டும் என்பதுதான். முதல் வாரத்தில் பல்புக்கு நேர் கீழே, குஞ்சின் முதுகு உயரத்தில், 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். பல்பை உயர்த்திக் கட்டினாலே சூடு குறையும். ஆனால் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டின் உட்பகுதியே நண்பகலில் 36 டிகிரியைத் தாண்டும் ஊர்களில், பகலில் பல்பைப் போட்டு வைப்பது குஞ்சை வாட்டுவதாகத்தான் முடியும். கணக்கை விடக் குஞ்சின் நடத்தையே நம்பத் தகுந்த அளவுகோல். பல்பின் ஒயரை மட்டும் நம்பித் தொங்கவிடாமல், மேலே ஒரு குச்சியில் சணல் கயிற்றால் இன்னொரு கட்டும் போட்டுவிடுங்கள். ஒரு கட்டு அவிழ்ந்து சூடான பல்பு அட்டையின் மேல் விழுந்தால் பிறகு குஞ்சும் இல்லை, பெட்டியும் இல்லை.

தரையில் செய்தித்தாளை மட்டும் விரிக்காதீர்கள். காரணம் கால் கோளாறு பற்றிய பகுதியில் வரும். சுத்தமான கோணிச்சாக்கைப் பிசிறு நீக்கி விரித்து, நான்கைந்து நாள் கழித்து அதன்மேல் உமியைப் பரப்பலாம். அதற்கு முன் உமி வேண்டாம். எது தீனி எது உமி என்று அறியாத குஞ்சு அதையும் விழுங்கும்.

ஓயாமல் கத்துகிறது

ஒற்றைக் குஞ்சு வளர்ப்பவர் எல்லோரும் முதலில் சந்திக்கும் சிக்கல் இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். மனநிறைவோடு இருக்கும் குஞ்சு சும்மா இருக்காது. மெல்லிய குரலில், சின்னச் சின்னதாக, தனக்குத்தானே பேசுவதுபோலச் சிலம்பிக்கொண்டே இருக்கும். அது கோளாறு அன்று. நீளமாக, உரக்க, ஒரே சீராக வரும் கத்தல்தான் கவனிக்க வேண்டியது. எங்கள் குஞ்சு இரவு முழுவதும் கத்தியபோது, அம்மாயி பெட்டிக்குப் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொன்னார்: "குளுருக்குக் கத்துறது வேற கண்ணு, ஆளைத் தேடிக் கத்துறது வேற. குளுருக்குக் கத்துறது நிறுத்தாது. ஆளைத் தேடுறது நடுவுல நிறுத்தி, ஆராச்சும் வர்றாங்களான்னு காது குடுக்கும்." அதன் பிறகு எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன், அவர் சொன்னது பிசகியதில்லை.

காதுக்கு அந்தப் பழக்கம் வரும் வரையில் வேறொரு சோதனை இருக்கிறது. குஞ்சை எடுத்து அதன் பாதத்தை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். கோழியின் உடல் வெப்பம் நம்முடையதைவிட அதிகம், வளர்ந்த கோழிக்கு ஏறக்குறைய 41 டிகிரி. எனவே நலமாக உள்ள குஞ்சின் பாதம் நம் தோலுக்கு வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும். சில்லென்று இருந்தால் குளிர்தான் காரணம், பல்பை இரண்டு விரற்கடை இறக்கிக் கட்டுங்கள். பாதம் வெதுவெதுப்பாக இருந்தால் தண்ணீரும் தீனியும் காட்டிப் பாருங்கள். குடித்துத் தின்ற பிறகும், நீங்கள் அறையை விட்டு வெளியேறிய நொடியில் கத்தத் தொடங்கி, திரும்பி வந்து குனிந்ததும் நிறுத்துகிறது என்றால், அதற்கு வேண்டியது துணை.

குஞ்சு பொரிந்த முதல் ஓரிரு நாள்களில் தன் கண்ணுக்கு முன் அசைகிற, ஒலி எழுப்புகிற ஒன்றைத் தாயாகப் பதித்துக்கொள்கிறது. வாத்துக் குஞ்சுகள் தன்னையே தாயாகக் கருதிப் பின்தொடர்ந்ததை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1973ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர். ஒற்றைக் குஞ்சின் கண்ணில் படுவது பெரும்பாலும் உங்கள் முகமும் கையும்தான் என்பதால், அது உங்களைத்தான் தேடும். இருபத்து நான்கு மணி நேரமும் கையில் வைத்திருப்பது முடியாத காரியம். முடிந்தாலும் செய்யக்கூடாது, கைச்சூட்டில் தூங்கும் குஞ்சு தின்னாது.

மாற்று ஏற்பாடுகளில் என் அனுபவத்தில் நன்கு வேலை செய்தது, தரை துடைக்கும் மாப்பின் புதிய நூல் தலை. அதைப் பல்பிலிருந்து ஓரடியாவது தள்ளி, தரையைத் தொடும்படி தொங்கவிட்டால், குஞ்சு தாயின் இறகுக்குள் நுழைவதுபோல அதன் அடியில் நுழைந்து, முதுகில் ஏதோ ஒன்று படுகிற நிம்மதியில் தூங்கிவிடும். நூல் தடித்ததாக இருக்க வேண்டும். மெல்லிய நூலும் பிரிந்த இழையும் கழுத்திலும் காலிலும் சுற்றிக்கொள்ளும். அவற்றை முன்கூட்டியே கத்தரித்துவிடுங்கள். பெட்டியின் பக்கவாட்டில், தரையோடு ஒட்டி, ஒரு சிறு கண்ணாடியைச் சாய்த்து வைத்தால், அதில் தெரியும் குஞ்சின் அருகே போய் உட்கார்ந்துகொள்ளும்; கண்ணாடிக்கு முன்னால் தீனியைத் தூவினால், அந்த மற்றொரு குஞ்சும் கொத்துவதைப் பார்த்து இதுவும் கொத்தும். தாய்க்கோழி இரைக்கு அழைக்கும் "கொக் கொக்" ஒலியைக் கைப்பேசியில் பதிவுசெய்து தீனி வைக்கும் வேளையில் ஒலிக்கவிடுவதும் பலன் தருகிறது. துணியில் சுற்றிய கடிகாரத்தை உள்ளே வைக்கும் வழக்கத்தைப் பலர் சொல்வார்கள். நான் வைத்துப் பார்த்ததில் குஞ்சு அதைப் பொருட்படுத்தவே இல்லை.

இவை எல்லாம் ஒப்புக்குச் செய்பவைதான். உண்மையான தீர்வு இன்னொரு குஞ்சு. அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

அசையாமல் கிடக்கிறது

பொரிந்த குஞ்சு தூங்கும் விதத்தை முதன்முறையாகப் பார்ப்பவர் பதறிப்போவார். கழுத்தை முன்னால் நீட்டி, முகத்தைத் தரையில் பதித்து, சிறகை லேசாக விரித்து, செத்ததுபோலவே கிடக்கும். விரலால் முதுகைத் தொட்டுப் பாருங்கள்; திடுக்கிட்டுத் தலை தூக்கினால் அது தூக்கம்தான். முட்டையை உடைத்துக்கொண்டு வெளிவருவது ஒரு நாள் வரை நீளும் கடும் உழைப்பு என்பதால் முதல் நாளில் அது தூங்குவதுதான் அதிகம்.

தொட்டும் தலை தூக்கவில்லை, உடல் சில்லிட்டிருக்கிறது என்றால் இரண்டு உள்ளங்கைகளுக்குள் பொதிந்து, மெதுவாகச் சூடேற்றுங்கள். அவசரத்தில் பல்புக்கு மிக அருகில் பிடிக்க வேண்டாம். அரை மணி நேரத்தில் பெரும்பாலும் காலை உதைக்கத் தொடங்கும். அதற்குப் பிறகே, அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை கருப்பட்டியைக் கரைத்து, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைக்க வேண்டும். அது தானே உறிஞ்சி விழுங்கும். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உடல் சில்லிட்டிருக்கும்போது எதையும் புகட்டவே கூடாது. குளிர்ந்த குஞ்சுக்கு விழுங்கும் வலுவும் இருக்காது, செரிக்கும் வலுவும் இருக்காது.

மின்சாரம் நின்றுபோகும் இரவுகளுக்காக ஒரு கண்ணாடிப் புட்டியும் பழைய காலுறையும் எடுத்து வையுங்கள். வெந்நீரை ஊற்றி, மூடியை இறுக்கி, காலுறைக்குள் போட்டுப் பெட்டியில் படுக்க வைத்தால் குஞ்சு அதன்மேல் சாய்ந்துகொள்ளும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வெந்நீரை மாற்ற வேண்டியிருக்கும். ஆறிய புட்டி குஞ்சின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், மாற்ற முடியாவிட்டால் அதை வெளியே எடுத்துவிடுவதே நல்லது.

தின்னவில்லை, குடிக்கவில்லை

முதல் நாளில் இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. பொரிவதற்குச் சற்று முன் குஞ்சு மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அது இரண்டு நாள்களுக்கு மேல் தாங்கும். முட்டைகள் முன்னும் பின்னுமாகப் பொரிந்தாலும் தாய்க்கோழி எல்லாம் பொரியும் வரை எழாமல் உட்கார்ந்திருக்க முடிவது இதனால்தான். ஆனால் அந்த இருப்பு தீர்வதற்குள் குஞ்சு தின்னக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஒற்றைக் குஞ்சுக்குக் கற்றுத் தருவோர் இல்லை என்பதால் அந்த வேலை உங்களுடையது.

தண்ணீர் முதலில். சோடாப் புட்டி மூடி அளவுள்ள ஆழமில்லாத பாத்திரத்தில் சிறு கூழாங்கற்களைப் போட்டு, கற்களுக்கு இடையே மட்டும் தண்ணீர் தெரியுமாறு ஊற்றுங்கள். ஒரு கிண்ணத் தண்ணீரில் குஞ்சு முங்கிச் சாகும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. கண்ட பிறகு நம்புவார்கள். குஞ்சின் தலையை மெதுவாகப் பிடித்து அலகின் நுனியை மட்டும், மூக்குத்துளை நனையாதபடி, நீரில் தொட வையுங்கள். நாக்கில் பட்டதும் தலையை அண்ணாந்து விழுங்கும். இரண்டு மூன்று முறை செய்தால் இடம் பழகிவிடும்.

தீனிக்கு, வெள்ளைத் துணியில் சிறிது பரப்பி, சுட்டுவிரல் நகத்தால் "டொக் டொக்" என்று தட்டுங்கள். தாய்க்கோழி அலகால் செய்வதைத்தான் விரல் செய்கிறது. தட்டிய இடத்தில் குஞ்சு வந்து கொத்தும். பத்தில் இரண்டு வாய்க்குள் போகும், மற்றவை சிதறும். முதல் நாளில், வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துக் கொஞ்சம் கொடுக்கலாம். அது இரண்டு மணி நேரத்தில் கெட்டுவிடும் என்பதால் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், இரண்டு நாளுக்கு மேல் அதையே தொடரவும் கூடாது. நிலையான தீனியாகக் கோழித்தீவனக் கடையில் சில்லறையாகக் கிடைக்கும் சிக் ஸ்டார்ட்டர் தூள்தான் சரி. அதில் ஏறக்குறைய 20 விழுக்காடு புரதம் இருக்கும், ஒற்றைக் குஞ்சுக்கு ஒரு கிலோ ஒரு மாதம் வரை வரும். அரிசிக் குருணையும் கம்புக் குருணையும் மட்டும் கொடுத்து வளர்க்கலாமே என்பவர்களுக்கு ஒரு சொல்: தாயோடு திரியும் குஞ்சு குருணையோடு கறையானும் புழுவும் பூச்சியும் பொறுக்கித் தின்கிறது. பெட்டிக்குள் இருப்பதற்கு அந்த வாய்ப்பு இல்லை. நம் ஊர்களில் பானையில் சாணமும் ஓலையும் போட்டுக் கவிழ்த்துக் கறையான் பிடித்துக் குஞ்சுக்குப் போட்டது சும்மா இல்லை.

தின்றதா என்று தெரிந்துகொள்ள இரவில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். கழுத்து மார்போடு சேரும் இடத்தில், குஞ்சின் வலப்பக்கமாக, ஒரு சிறு மொச்சை அளவில் மெத்தென்று தட்டுப்பட வேண்டும். காலியாக இருந்தால் பகலில் கொத்தியதெல்லாம் விளையாட்டு. கெட்டியாக இருந்தால் தண்ணீர் குடிக்கவில்லை. காலையிலும் அது வடியாமல் அப்படியே இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பின்புறம் எச்சம் ஒட்டி அடைபட்டிருக்கிறது

முதல் வாரத்தில் மிகுதியாக வருவதும், கவனிக்காவிட்டால் ஒன்றிரண்டு நாளில் குஞ்சைக் கொன்றுவிடுவதும் இது. எச்சம் ஆசனவாயின் மேல் காய்ந்து ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் சில நிமிடம் வைத்து, ஊறியதும் வழித்தெடுங்கள். காய்ந்ததைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து கிழியும். பிறகு துணியால் ஒற்றி, பல்பின் அருகே நன்றாக உலரவிட்டு, ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவினால் மறுபடி ஒட்டுவது குறையும்.

ஒரு எச்சரிக்கை. ஆசனவாய்க்குக் கீழே, வயிற்றின் நடுவில், கறுத்த சிறு பொருக்கு ஒன்று இருக்கும். அது தொப்புள். அதையும் அழுக்கு என்று நினைத்து இழுத்துக் குடலை வெளியே கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். அது தானே உதிரும், தொடாதீர்கள். தொப்புளைச் சுற்றிச் சிவந்து ஈரமாக இருந்தால் மட்டும் போவிடோன் அயோடின் கரைசலைப் பஞ்சில் தொட்டு வையுங்கள். வயிறு உப்பி, கெட்ட வாடை வீசினால் மஞ்சள் கரு உள்ளே கெட்டுவிட்டது என்று பொருள், அத்தகைய குஞ்சு பிழைப்பது அரிது.

பின்புறம் அடிக்கடி அடைத்துக்கொண்டால் சூட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதிகச் சூடும், குளிரும், இரண்டுமே இதைக் கொண்டுவரும். நடுநடுவே ஒருமுறை குஞ்சு பழுப்பு நிறத்தில், குழைந்து, மூக்கைப் பிடிக்கும் வாடையோடு எச்சமிடும். அது குடல்வால் எச்சம், கழிச்சல் அன்று.

கால் இரு பக்கமும் அகன்று போகிறது

வழவழப்பான செய்தித்தாளிலோ டைல்ஸ் தரையிலோ விட்டால், பிடிப்பு இல்லாமல் கால்கள் வழுக்கி, இரண்டே நாளில் குஞ்சு தவளையைப்போலக் கால் பரப்பிக் கிடக்கும். மூன்று நான்கு நாள்களுக்குள் கவனித்தால் திருத்திவிடலாம், அதைத் தாண்டினால் கடினம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஒட்டுப் பிளாஸ்டரை அரை சென்டிமீட்டர் அகலத்தில் நீளமாகக் கத்தரித்து, ஒரு காலின் கணுவுக்கு மேலே சுற்றி, நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் ஒட்டும் பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து, மறுகாலையும் அதேபோலச் சுற்றுங்கள். இது விலங்கு மாட்டியதுபோல் தோன்றும், குஞ்சும் முதல் அரை மணி நேரம் தடுக்கி விழுந்து கத்தும். பிறகு நிற்கக் கற்றுக்கொள்ளும். கால் வீங்குகிறதா, நிறம் மாறுகிறதா என்று நாளுக்கு இருமுறை பார்க்க வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அவிழ்த்துப் புதிதாகக் கட்டி, மூன்று முதல் ஐந்து நாளில் நிறுத்திவிடலாம். கட்டும்போது இன்னொருவர் குஞ்சைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டால் வேலை எளிது. தனியாகச் செய்தால் பிளாஸ்டர் உங்கள் விரலில்தான் ஒட்டும்.

விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, முட்டியால் நடப்பதுபோல நடந்தால், பி2 என்னும் ரைபோஃபிளேவின் சத்துக் குறைவைச் சந்தேகிக்கலாம். குருணை மட்டும் தின்று வளரும் குஞ்சுகளில் இதை எதிர்பார்க்கலாம். கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் பி-காம்ப்ளெக்ஸ் திரவத்தை மருத்துவர் சொல்லும் அளவில் தண்ணீரில் கலந்து கொடுத்தால் தொடக்க நிலையில் தேறும்.

வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது

சிறகைத் தூக்கிக்கொண்டு, பல்புக்கு எதிர் மூலையில் ஒதுங்கி நின்றால் வெப்பம் அதிகம். பல்பை அணைத்துவிட்டுத் தண்ணீர் காட்டுங்கள். பத்து நிமிடத்தில் அடங்கும். அடங்கவில்லை, மூச்சோடு கரகரப்பும் மூக்கில் சளியும் இருக்கிறது என்றால் அது சுவாச நோய். உமியின் தூசியும், மூடிய பெட்டியில் எச்சத்தின் நெடியும் இதை மோசமாக்கும். பெட்டியின் மேல்புறத்தை அட்டையால் மூடாமல் கொசுவலைத் துணியால் மூடுங்கள்.

கழுத்தைத் திருகிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறது

சத்துக் குறைவாலும் வரும், வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயாலும் வரும். வீட்டில் வைத்து வேறுபடுத்த முடியாது. அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

காலையில் பார்த்தால் எறும்பு மொய்த்திருக்கிறது

உடன்பிறப்புகள் இருந்தால் ஒன்று துள்ளும்போது மற்றவையும் எழுந்துவிடும். தனிக்குஞ்சு, அதுவும் முதல் இரண்டு நாளில், எறும்பைத் தட்டிவிடக்கூடத் தெரியாமல் கிடக்கும். பெட்டியை ஒரு ஸ்டூலின் மேல் வைத்து, அதன் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். எறும்புச் சாக்பீஸையும் பூச்சிமருந்தையும் பெட்டியின் அருகில் கொண்டுவர வேண்டாம். பூனையும் பெருச்சாளியும் உள்ள வீடானால் வலைத் துணி போதாது, கம்பி வலை வேண்டும். அடைக்கோழியின் கூட்டிலிருந்து எடுத்த குஞ்சு என்றால் சிறகின் அடியிலும் தலையிலும் செல் என்னும் பொடிப் பூச்சி ஊர்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். இருந்தால் பழைய கூட்டுப் பொருள் எதையும் பெட்டிக்குள் கொண்டுவராதீர்கள்.

துணைக்கு விட்டதும் கொத்துகிறது, கொத்து வாங்குகிறது

துணை சேர்ப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. அக்கம்பக்கத்தில் அதே வாரத்தில் பொரித்த தாய்க்கோழி இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. நன்றாக இருட்டிய பிறகு, கோழி தன் குஞ்சுகளை இறக்கைக்குள் வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருக்கும்போது, ஒற்றைக் குஞ்சைப் பின்பக்கமாக இறக்கையின் அடியில் நுழைத்துவிட வேண்டும். வெளிச்சம் காட்டக்கூடாது, பேசவும் கூடாது. மறுநாள் கோழி விழிக்கும் முன்னரே போய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள். தலையில் ஒருமுறை லேசாகத் தட்டினால் விட்டுவிடலாம். துரத்தித் துரத்திக் கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள். அதன் குஞ்சுகளுக்கும் இதற்கும் வயது வேறுபாடு மூன்று நான்கு நாளுக்குள் இருக்க வேண்டும். கோழியின் குஞ்சுகள் எல்லாம் கறுப்பாக இருந்து இது மட்டும் வெள்ளையாக இருந்தால் ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. குஞ்சு மனிதரிடமே ஐந்தாறு நாள் பழகிவிட்டால், கோழி ஏற்றாலும் குஞ்சு அதனிடம் ஒட்டாது; ஆகவே முதல் மூன்று நாளுக்குள் முயல்வதே உத்தமம்.

இரண்டாவது வழி, அதே வயதுள்ள ஒன்றிரண்டு குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வாங்குவது. ஒன்றுக்குப் பதில் இரண்டாக வாங்கச் சொல்கிறேன், ஏனெனில் ஒன்று தவறினாலும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தின் அருகே கூடையில் விற்கும் பச்சை, ரோஸ் நிறச் சாயக் குஞ்சுகளைத் துணைக்கு வாங்கிவராதீர்கள். முட்டையிடும் இனங்களைப் பொரிக்கும் இடங்களில் கழித்துவிடப்படும் சேவல் குஞ்சுகளுக்கே பெரும்பாலும் அந்தச் சாயம் ஏற்றுகிறார்கள். சூடும் தண்ணீரும் இல்லாமல் நாள்கணக்கில் அலைக்கழிந்து வரும் அவை உங்கள் வீட்டில் இரண்டு நாள் இருந்து சாகும்போது, நோயை இதற்கும் கொடுத்துவிட்டுச் சாகக்கூடும்.

புதியவற்றை உள்ளே விடும்போது பழைய குஞ்சு கண்ணைக் குறிவைத்துக் கொத்துவது உண்டு. அதற்கு அவை பளபளக்கும் பொருளே தவிரப் பகை அல்ல. மூன்றையும் வெளியே எடுத்து, பெட்டியில் சாக்கை மாற்றி, கண்ணாடியை அகற்றிவிட்டு, மூன்றையும் ஒரே நேரத்தில் விட்டால் இடம் எல்லாருக்கும் புதிதாகிவிடும். தீனியைப் பல இடங்களில் தூவுங்கள். அன்றிரவு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்குவதைப் பார்க்கலாம். ஓயாத கத்தல் அந்த இரவோடு நின்றுவிடும்.

கழிச்சல் காண்கிறது

முதல் வாரத்தில் வெள்ளை நிறத்தில் வரும் கழிச்சல் பெரும்பாலும் குளிரும் கெட்ட தீனியும் தந்தது. முட்டை வழியாகத் தாயிடமிருந்து வந்த கிருமியாகவும் இருக்கலாம். சூட்டையும் தண்ணீரையும் சரிசெய்து ஒரு நாளில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு, குறிப்பாக முதன்முதலில் மண்ணில் மேயவிட்ட சில நாளில், எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது ரத்தக்கழிச்சல். தண்ணீரில் கலக்கும் ஆம்ப்ரோலியம் மருந்து இதற்கு உண்டு. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஈரமான உமி முழுவதையும் அன்றே வெளியேற்றுங்கள்.

ராணிக்கெட் நோய்க்கு மருந்து இல்லை, தடுப்பு மட்டுமே. பொரிந்த ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடும் தடுப்புமருந்து இருக்கிறது. அது நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான சிறு குப்பிகளாகத்தான் வரும், கரைத்தபின் பனிக்கட்டியில் வைத்து ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒற்றைக் குஞ்சுக்காக வாங்குவது வீண் என்பதால், அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் எந்த நாளில் குப்பி திறப்பார்கள் என்று கேட்டு, அன்று குஞ்சைக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போங்கள். குஞ்சைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதையும், குழந்தைகள் அதை முத்தமிடாமல் பார்ப்பதையும் விட்டுவிடக்கூடாது. நலமாகத் தெரியும் குஞ்சும் மனிதருக்கு வயிற்றுப்போக்கைத் தரும் சால்மொனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம்.

வளர்ந்த பிறகும் ஆளை விட்டுப் பிரியவில்லை

துணை கிடைக்காமலேயே வளர்ந்த குஞ்சு ஐந்தாறு வாரத்தில் இறகு முளைத்துப் பல்பின் தேவையைத் தாண்டிவிடும். ஆனால் தன்னைக் கோழி என்று அறியாமல், மற்றக் கோழிகளைக் கண்டு மிரண்டு, சமையலறைக்கே திரும்பி வரும். எங்கள் குஞ்சு அப்படித்தான் இருந்தது. சேவலானால் இன்னும் சிக்கல். மனிதரிடம் அச்சமில்லாமல் வளர்ந்த சேவல் பருவம் வந்ததும் முழங்காலைக் குறிவைத்துப் பறந்து அடிக்கும், சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அது விளையாட்டுக் காரியமல்ல. எனவே மூன்றாவது வாரத்திலிருந்தே, வெயில் தாழ்ந்த நேரத்தில், குஞ்சைப் பஞ்சாரம் என்னும் மூங்கில் கூடையில் கவிழ்த்து, மற்றக் கோழிகள் மேயும் இடத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். அவை வெளியே இருந்து பார்க்கும், இது உள்ளே இருந்து பார்க்கும். பஞ்சாரத்தைச் சுற்றிக் கம்பைத் தூவினால் இரு பக்கமும் ஒன்றாகக் கொத்தும். இரண்டு மூன்று வாரம் இது நடந்த பிறகு, ஒரு மாலையில், கோழிகள் அடையப் போகும் முன், பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டு நீங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். வாசலில் வந்து நின்று கத்தும். எங்களுடையது மூன்று மாலை கத்தியது, நான்காம் மாலை கத்தவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது கொட்டகையின் கீழ்க் கட்டையில், ஒரு கிழட்டுப் பெட்டைக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருந்தது.